அரசியற் கொந்தளிப்பும் ஓவியச் சந்தையும்: ஐரோப்பியப் பேராசான்களின் ஓவியங்கள் கைமாறிய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஓவியம் ஒன்றைக் கலைநோக்கில் ஆராய்வோர் அதன் வண்ணம், வடிவம், பொருள் ஆகியவற்றை விரித்துரைப்பர். சமூகவியல் நோக்குடையோர் அது தோன்றிய காலத்தையும் அதனை ஆக்குவித்த புரவலரின் வர்க்க நிலையையும் எடுத்துக்காட்டுவர். இவ்விரு நோக்குகளும் இன்றியமையாதனவே. ஆயின் ஓவியன் மறைந்த பின்னரும் ஓவியம் வாழ்கின்றது. அது அரண்மனையிலிருந்து ஏலக் கூடத்துக்கும், அங்கிருந்து வங்கியாளரின் மாளிகைக்கும், இறுதியிற் சில வேளைகளிற் பொது நூதனசாலைக்கும் செல்கின்றது. அப்பயணத்தை நெறிப்படுத்தும் சக்திகள் யாவை என்னும் வினா எமது ஆய்வுச் சூழலிற் போதிய கவனத்தைப் பெற்றுள்ளதெனக் கூறமுடியாது.

ஐரோப்பிய, அமெரிக்க நூதனசாலைகளில் உள்ள புகழ்பெற்ற ஓவியங்களின் உடைமை வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். ஓவியங்கள் கைமாறிய ஆண்டுகளும் அரசுகள் கவிழ்ந்த ஆண்டுகளும் அடிக்கடி ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. இத்தொடர்பு தற்செயலானதன்று. அதேவேளை, கொந்தளிப்பு ஏற்பட்டால் விலை வீழும் என்றோ, பணத்தின் மீது நம்பிக்கை குன்றுவதால் விலை ஏறும் என்றோ ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடவும் இயலாது. இரண்டுக்கும் வரலாற்றிற் சான்றுகள் உள்ளன. ஆகவே எந்நிலைமைகளில் எது நிகழ்கின்றது என்பதை நான்கு வரலாற்றுக் கட்டங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மீண்டும் ஆக்கமுடியாத பண்டம்

பதினைந்தாம் நூற்றாண்டு தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பாவில் வாழ்ந்த பெரும் ஓவியர்களை மேலைக் கலை வரலாற்றாசிரியர் பழைய பேராசான்கள் என வழங்குவர். ரபாயேல், டிஷியன், றூபன்ஸ், றெம்பிராண்ட், வெர்மீர் முதலியோர் இவ்வகுப்பினர். இவர்களின் படைப்புக்கள் பொருளியலாளருக்கு நீண்டகாலமாகவே ஒரு புறநடையாக இருந்து வந்துள்ளன. பண்டங்களின் பெறுமதியை உழைப்பினால் விளக்கிய டேவிட் றிக்காடோ, அரிய சிலைகளையும் ஓவியங்களையும் அவ்விதியிலிருந்து விலக்கினார். அவற்றின் பெறுமதியை அருமையே தீர்மானிக்கின்றது என்றார். மார்க்சும் மூலதனத்தின் மூன்றாம் பாகத்திலே, உழைப்பினால் மீண்டும் ஆக்கமுடியாத பொருட்களின் விலை தற்செயலான பல சேர்க்கைகளால் அமையலாம் எனக் குறிப்பிட்டார்.

இக்கருத்தைச் சற்று விரித்து நோக்குதல் தகும். தேயிலைக்கோ துணிக்கோ விலை ஏறினால் உற்பத்தி பெருகும். பெருகியதும் விலை தணியும். டிஷியனின் ஓவியத்துக்கு எத்துணை விலை ஏறினும் இன்னொரு டிஷியன் ஓவியம் தோன்றப்போவதில்லை. (போலிகள் தோன்றலாம், அதனைப் பின்னர் காண்போம்.) எனவே இச்சந்தையில் மொத்தக் கையிருப்பு ஏறத்தாழ நிலையானது, மாறுவது எவ்வளவு விற்பனைக்கு வருகின்றது என்பதே. அமைதிக் காலத்தில் மிகப் பெரும் பகுதி அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் பரம்பரைச் சொத்துக்களிலும் அசையாது கிடக்கும். அந்த அசைவின்மையைக் குலைப்பதே அரசியற் கொந்தளிப்பின் முதற் பணியாகும்.

அவ்வாறு குலையும்போது ஐந்து கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து செயற்படுவதை அவதானிக்கலாம். விற்க நிர்ப்பந்திக்கப்படுவோர் யார்? வாங்கும் வலிமை எவ்வர்க்கத்திடம், எந்நாட்டில் உள்ளது? எந்நாணயம் வீழ்கின்றது, எது நிலைக்கின்றது? பொருளை எல்லை கடத்த வழி உண்டா? வாங்குபவர் பெறும் உரிமை நாளை நிலைக்குமா? விலை ஏறுமா இறங்குமா என்பது இவ்வைந்துக்குமுரிய விடைகளிலேயே தங்கியுள்ளது.

2. தலையிழந்த மன்னனின் உடைமை

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து இதற்குச் சிறந்த முதல் உதாரணமாகும். முதலாம் சாள்ஸ் மன்னன் தன் காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓவியச் சேகரிப்புக்களில் ஒன்றை உருவாக்கியிருந்தான். அதன் கருவே ஒரு வீழ்ச்சியிலிருந்து பெறப்பட்டது. வட இத்தாலியின் மன்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பம் கடனில் மூழ்கியபோது, 1627, 1628 ஆம் ஆண்டுகளில் அக்குடும்பத்தின் ஓவியங்களை அவன் வாங்கினான். அடுத்து எழுந்த வாரிசுரிமைப் போரில், 1630 இல், மன்துவா நகரம் பேரரசுப் படைகளாற் சூறையாடப்பட்டது. விற்பனையான ஓவியங்கள் சூறையாடலுக்குத் தப்பின.

உள்நாட்டுப் போரில் மன்னன் தோற்று, 1649 ஜனவரி 30 ஆம் நாள் தலை துணிக்கப்பட்டான். அவ்வாண்டு ஜூலையிற் பாராளுமன்றம் அவனது உடைமைகளை விற்பதற்குச் சட்டம் இயற்றியது. ஓவியங்கள் பட்டியலிடப்பட்டு மதிப்பிடப்பட்டு இலண்டனின் சொமசெற் மாளிகையில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. கடற்படைக்குப் பணம் தேவைப்பட்டது. மன்னனுக்குப் பொருளும் சேவையும் வழங்கிவிட்டுக் கூலி பெறாதிருந்த எண்ணற்ற கடன்காரருக்கும் தீர்வு தேவைப்பட்டது.

சந்தையின் இயல்பு இங்கே தெளிவாக வெளிப்பட்டது. சரக்கு மிகுதி, உள்நாட்டிலே பணமுடையோர் குறைவு. மன்னனை ஆதரித்த பிரபுக்கள் தண்டப்பணம் செலுத்தியும் நாடுகடந்தும் நலிந்திருந்தனர். ஆகவே பெரும் பகுதி பணத்துக்கு விற்பனையாகவில்லை. கடன்காரர் குழுக்களாக ஒன்றுசேர்ந்து, தமக்கு வரவேண்டிய பணத்துக்கு ஈடாக ஓவியங்களை ஏற்றனர். அரண்மனையில் ஈயக் குழாய் பொருத்தியவரின் பங்கில் டிஷியனின் ஓவியமும் வந்து சேர்ந்தது. அத்தகையோர்க்கு ஓவியம் பயன்பெறுமதி உடையதன்று. விரைவிற் காசாக்க வேண்டிய கடன் சீட்டு. அவர்கள் கிடைத்த விலைக்கு விற்றனர்.

வாங்கியோர் யாவர்? ரபாயேலுக்குரியதெனக் கொள்ளப்பட்டு இரண்டாயிரம் பவுண் மதிப்பிடப்பட்ட திருக்குடும்ப ஓவியம், ஸ்பானியத் தூதுவர் கார்தேனாஸ் மூலமாக நான்காம் பிலிப்பு மன்னனிடம் சென்றது. மன்துவாவிலிருந்து இலண்டனுக்கும் இலண்டனிலிருந்து மட்றிட்டுக்கும் பயணம் செய்த அவ்வோவியம் 'முத்து' என்ற பெயருடன் இன்று பிராடோ நூதனசாலையில் உள்ளது. மன்னனின் மரண ஆணையிற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான கேர்ணல் ஹச்சின்சன் டிஷியனின் பெரிய ஓவியம் ஒன்றை அறுநூறு பவுணுக்கு வாங்கினார். அது பின்னர் பிரான்சின் முதலமைச்சர் கார்டினால் மசறினின் கைக்குச் சென்று, இன்று லூவரில் உள்ளது. மன்னனின் ஆதரவாளராகிய ஹமில்ற்றன் கோமகனும் 1649 இலே தலை துணிக்கப்பட்டார்; அவரது சேகரிப்பு பிரசெல்சில் ஆட்சி செய்த லெயோபோல்ட் வில்ஹெல்மிடம் சென்று, வியன்னா நூதனசாலையின் செல்வங்களுள் ஒன்றாயிற்று.

மன்னன் ஒருவனைக் கொன்றது தெய்வ நிந்தனை என்று கருதிய முடியரசுகளே அம்மன்னனின் உடைமையை முந்திக்கொண்டு வாங்கின என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சித்தாந்தம் தூதரக மேசையிற் பேசியது. சந்தையிலே பேசியது பணம். மறுபுறத்தில், குடியரசு அனைத்தையும் விற்றுவிடவும் இல்லை. ரபாயேல் வரைந்த திரைச்சீலை மாதிரிகளும், ஆயிரம் பவுண் மதிப்பிடப்பட்ட மன்தேனியாவின் 'சீசரின் வெற்றிப் பவனி'யும் கிறொம்வெல்லின் ஆட்சியில் நாட்டிலேயே வைத்துக்கொள்ளப்பட்டன. 1660 இல் முடியாட்சி மீண்டதும், நாட்டுக்குள் எஞ்சியிருந்த பொருட்கள் பல திரும்பப் பெறப்பட்டன. வாங்கியோர் உரிமை இழந்தனர். கடல் கடந்தவை திரும்பவில்லை. எல்லை கடந்த சொத்தே பாதுகாப்பான சொத்து என்னும் பாடத்தைச் சேகரிப்பாளர் அன்றே கற்றனர்.

3. பிரெஞ்சுப் புரட்சி: ஒரே புயல், இரு பாதைகள்

பிரெஞ்சுப் புரட்சி கலைச் செல்வத்துக்கு இரு வேறு விதிகளைத் தந்தது. முதலாவது, தேசியமயமாக்கல். மன்னனும் திருச்சபையும் நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களும் கொண்டிருந்த ஓவியங்கள் தேசத்தின் உடைமையாக்கப்பட்டன. 1793 ஆகஸ்ட் 10 ஆம் நாள், முடியாட்சி வீழ்ந்ததன் முதலாம் ஆண்டு நிறைவன்று, லூவர் பொது நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. சந்தையிலிருந்து ஓவியத்தை நிரந்தரமாக விலக்கும் நிறுவனமாக நூதனசாலை அமையலாம் என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது.

இரண்டாவது பாதையை ஓர்லியன்ஸ் சேகரிப்பு உணர்த்துகின்றது. அரச குடும்பத்தின் இளைய கிளையினரான ஓர்லியன்ஸ் கோமக்கள் பரிஸ் நகரிற் பெரும் ஓவியச் சேகரிப்பைக் கொண்டிருந்தனர். அதன் மூலமும் போரே. முப்பதாண்டுப் போரின் முடிவில், 1648 இல், சுவீடன் படைகள் பிராக் நகரிலிருந்த பேரரசர் றுடோல்பின் செல்வத்தைக் கவர்ந்தன. அவற்றுட் பல கிறிஸ்தினா அரசியுடன் உரோமாபுரிக்குச் சென்று, அவளது மறைவின் பின் வேறு கைகளுக்கு மாறி, 1721 இலே பரிசை அடைந்தன. வெறோனேசே வரைந்த காதல் உருவகங்கள் நான்கும் இவ்வழியே வந்தவை. இன்று அவை இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. ஒரு நூற்றாண்டின் கொள்ளை அடுத்த நூற்றாண்டின் குலப்பெருமையாக மாறும் விந்தையை இவ்வரலாறு நன்கு காட்டுகின்றது.

புரட்சிக் காலத்துக் கோமகன் பிலிப்பு, தன் பட்டத்தைத் துறந்து 'சமத்துவம்' எனப் பெயர் சூடியவன். அரசியற் செலவும் ஆடம்பரச் செலவும் அவனைக் கடனில் ஆழ்த்தியிருந்தன. ஓவியங்களை 1792 அளவில் விற்றான். ஒல்லாந்த, பிளெமிஷ் ஓவியங்களை ஆங்கில வணிகரான ஸ்லேட் வாங்கினார். இத்தாலிய, பிரெஞ்சு ஓவியங்கள் பிரசெல்ஸ் வங்கியாளர் ஒருவரிடம் சென்று, விரைவிலேயே லபோர்ட் டி மெரெவில் என்னும் பிரெஞ்சு நிதியாளரின் கைக்கு மாறின. பிலிப்பு 1793 நவம்பரிற் கொலைப்பொறிக்கு இரையானான். ஓவியங்களுடன் இலண்டன் சென்ற லபோர்ட்டுக்கும் அவற்றைத் தன் குடும்பச் சொத்தாகப் பேண இயலவில்லை.

1798 இல் இச்சேகரிப்பின் இத்தாலிய, பிரெஞ்சுப் பகுதியை மூன்று ஆங்கிலப் பிரபுக்கள் கூட்டாக 43,000 பவுணுக்கு வாங்கினர். அக்கூட்டிற் பெரும்பங்கு கொண்டவர் பிறிஜ்வாட்டர் கோமகன். அவர் நிலக்கரிச் சுரங்கங்களாலும் மஞ்செஸ்ரருக்கு வெட்டிய கால்வாயாலும் செல்வம் குவித்தவர். முந்நூறு ஓவியங்களில் 94 ஐத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு, ஏனையவற்றைக் காட்சிக்கு வைத்து, நுழைவுக் கட்டணமும் பெற்று, விற்றனர். விற்பனையும் கட்டணமும் சேர்ந்து அவர்களின் முதலீட்டிற் பெரும் பகுதியை மீட்டுக் கொடுத்தன. எனவே தாம் வைத்துக்கொண்ட தலைசிறந்த ஓவியங்கள் அவர்களுக்கு ஏறத்தாழ விலையின்றியே கிடைத்தன எனலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது வர்க்கச் சேர்க்கையாகும். பிரான்சில் நிலமானிய அமைப்பு நொறுங்கிக் கொண்டிருந்தது. அரசு அச்சிட்ட அசிஞ்ஞா தாள் நாணயம் மதிப்பிழந்து 1796 இற் கைவிடப்பட்டது. அதே காலத்திற் பிரித்தானியாவிற் கைத்தொழிற் புரட்சி புதிய செல்வத்தைப் பிறப்பித்துக் கொண்டிருந்தது. ஒரு புரட்சி விற்பவரை உருவாக்கியது. மற்றொரு புரட்சி வாங்குபவரை உருவாக்கியது. இலண்டன் ஓவியச் சந்தையின் தலைநகரானது இவ்விரண்டின் சந்திப்பினாலேயே.

1796 இல் நெப்போலியனின் படைகள் இத்தாலியினுட் புகுந்தமை இப்போக்கை விரைவுபடுத்தியது. ஒப்பந்தங்களின் பெயரால் அரசுகளிடமிருந்தும் பாப்பரசரிடமிருந்தும் கலைப்பொருட்கள் பெறப்பட்டன. 1797 இல் வெனிசிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட வெறோனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' இன்றும் லூவரிலேயே உள்ளது. போர்த் தண்டம் செலுத்தவேண்டிய உரோம, ஜெனோவாப் பிரபுக் குடும்பங்கள் தம் சுவர்களிலிருந்தவற்றை விற்றன. புக்கனன் போன்ற பிரித்தானிய வணிகர் முகவர்களை அனுப்பி அவற்றை வாங்கினர். கைப்பற்றும் அரசும் காசு கொடுக்கும் வணிகனும் ஒரே வயலின் இரு அறுவடைக்காரராகச் செயற்பட்டனர்.

ஓர்லியன்ஸ் விற்பனையில் வணிகர் ஆங்கர்ஸ்ரைன் 3,500 கினிக்கு வாங்கிய செபஸ்தியானோ தெல் பியொம்போவின் 'லாசரஸ் உயிர்த்தெழல்', 1824 இல் அவரது ஏனைய 37 ஓவியங்களுடன் 57,000 பவுணுக்குப் பாராளுமன்றத்தால் வாங்கப்பட்டது. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் தொடக்கம் அதுவே. அந்நிறுவனத்தின் பதிவேட்டில் முதலாம் இலக்கம் பெறும் ஓவியமும் அதுவே. பிறிஜ்வாட்டர் ஒதுக்கிக்கொண்ட டிஷியனின் 'டயானாவும் அக்தியோனும்' 2009 இல் 50 மில்லியன் பவுணுக்கும், அதன் இணையான 'டயானாவும் கலிஸ்தோவும்' 2012 இல் 45 மில்லியன் பவுணுக்கும் பொதுவுடைமைக்கு வாங்கப்பட்டன. பரிஸ் மக்கள் 1793 இலே கட்டணமின்றிப் பெற்றதைப் போன்றவொன்றைப் பிரித்தானிய மக்கள் இரு நூற்றாண்டுகளின் பின் இவ்விலை கொடுத்துப் பெற வேண்டியதாயிற்று.

4. புரட்சி அரசும் விற்பனையாளராகுமா?

முற்போக்கு வாசகர் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய கட்டம் சோவியத் அரசின் ஓவிய விற்பனையாகும். 1917 இன் பின் ரஷ்ய அரச குடும்பத்தினதும் பிரபுக்களினதும் சேகரிப்புக்கள் தேசியமயமாக்கப்பட்டன. லெனின்கிராட் நகரின் ஹேர்மிற்றேஜ் நூதனசாலை இதனால் மேலும் வளம்பெற்றது. ஆயின் 1928 இல் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது, இயந்திரங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. மேலை நாடுகள் நீண்டகாலக் கடன் வழங்க மறுத்தன. தானியம், மரம், எண்ணெய் ஆகியவற்றுடன் கலைப்பொருட்களும் ஏற்றுமதிப் பட்டியலிற் சேர்ந்தன. 'அன்ரிக்வரியாட்' என்னும் அரச நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது.

முதலிற் பொது ஏலங்கள் முயலப்பட்டன. 1928 இற் பேர்லினில் நடந்த ஏலத்தின்போது, தம் பொருட்களை அடையாளங் கண்ட ரஷ்ய அகதிகள் நீதிமன்றத்தை நாடினர். இங்கிலாந்திலே பலேய் இளவரசி தன் மாளிகைப் பொருட்களுக்காகத் தொடுத்த வழக்கு 1929 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அங்கீகரிக்கப்பட்ட அரசொன்று தன் ஆள்புலத்திற் செய்த சொத்துக் கையேற்பை அந்நீதிமன்றம் விசாரணைக்கு உட்படுத்த மறுத்தது. எனினும் வழக்கு என்ற நிழலே வாங்குவோரைத் தயங்கச் செய்யும். உரிமை ஐயத்துக்குரியதாயின் விலையிற் கழிவு ஏற்படும். ஆகவே விற்பனை இரகசியப் பேச்சுவார்த்தைக்கு மாறியது.

எண்ணெய் வணிகரான குல்பெங்கியன் 1929, 1930 ஆம் ஆண்டுகளில் றெம்பிராண்ட், றூபன்ஸ் முதலியோரின் ஓவியங்களை வாங்கினார். வாங்கியபின் அவரே, நூதனசாலைச் செல்வத்தை விற்பது அரசின் நற்பெயரைக் கெடுக்கும் எனச் சோவியத் அதிகாரிகளுக்கு அறிவுரை எழுதினார். அடுத்து வந்தவர் அமெரிக்காவின் அன்ட்ரூ மெலன். 1930, 1931 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க், இலண்டன், பேர்லின் வணிகர் மூலமாக அவர் ஹேர்மிற்றேஜின் 21 ஓவியங்களை ஏறத்தாழ 6.65 மில்லியன் டொலருக்கு வாங்கினார். வன் எயிக்கின் 'மங்கள வார்த்தை', டிஷியனின் 'கண்ணாடி முன் வீனஸ்' ஆகியன அவற்றுள் அடங்கும். ரபாயேலின் 'அல்பா மடோனா'வுக்கு மட்டும் 1,166,400 டொலர் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் தனியோர் ஓவியத்துக்கு அது மிக உயர்ந்த விலை.

இவ்விற்பனையின் முரண்பாடுகள் பல. மெலன் அப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் திறைசேரிச் செயலாளர். அமெரிக்கா சோவியத் அரசை அங்கீகரித்ததோ 1933 இலேதான். சோவியத் பண்டங்கள் அடிமாட்டு விலைக்கு அமெரிக்கச் சந்தையிற் குவிக்கப்படுகின்றனவா என மெலனின் திணைக்களம் விசாரித்துக் கொண்டிருந்த வேளையிலேயே, அதன் தலைவர் சோவியத் ஓவியங்களை இரகசியமாக வாங்கிக் கொண்டிருந்தார். 1935 இல் அவர் மீதான வருமான வரி வழக்கின்போதே விபரங்கள் பகிரங்கமாயின. 1941 இலே திறக்கப்பட்ட வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அடித்தளச் செல்வம் அந்த ஓவியங்களே.

சோவியத் அரசு தவறான வேளையில் விற்றது. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வாங்குவோர் அருகினர். ஆயின் ஐந்தாண்டுத் திட்டத்தின் கால அட்டவணை சந்தை தேறும்வரை காத்திருக்கவில்லை. அவசரத்தில் உள்ள ஒரே விற்பனையாளர். பணப்பை நிறைந்த ஓரிரு வாங்குவோர். இத்தகைய சந்தையில் விலையைத் தீர்மானிப்பவர் வாங்குபவரே. ஓவியங்களின் வருவாய் தானிய, மர ஏற்றுமதி வருவாயுடன் ஒப்பிடுகையிற் சிறிதே. கைத்தொழில்மயமாக்கலின் வரலாற்று அவசியத்தை ஏற்றுக்கொள்வோரும், அதற்காக ஈடுசெய்ய முடியாத பொதுச் செல்வத்தைக் கொடுத்தது தகுமா எனக் கேட்கவே வேண்டும். அக்கேள்வியை அந்நாட்டிலேயே கேட்டோர் இருந்தனர். ஹேர்மிற்றேஜின் ஊழியர் எதிர்த்தனர். கீழைத்தேயப் பிரிவைச் சேர்ந்த ஒர்பெலி 1932 இல் ஸ்ராலினுக்கு எழுதினார். 1930 களின் நடுப்பகுதிக்குள் விற்பனை நின்றது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஹேர்மிற்றேஜுக்கு இவ்வோவியங்கள் வந்த வழியும் பிறரின் நெருக்கடியே. பிரித்தானிய முதலமைச்சராக இருந்த வோல்போலின் சேகரிப்பை, அவரது பேரன் கடன்பட்டு நின்ற வேளையில், 1779 இல் இரண்டாம் கதரீன் அரசி வாங்கினாள். அதிலடங்கிய வன் டைக்கின் 'வாற்றன் பிரபு' என்னும் ஓவியம் மெலன் வாங்கியவற்றுள் ஒன்று. பண்ணையடிமைகளின் உழைப்பில் எழுந்த பணம் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்ததை, பிற்ஸ்பேர்க் உருக்குத் தொழிலாளர் உழைப்போடு தொடர்புடைய பணம் வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றது.

5. ஆக்கிரமிப்பில் எழுந்த செழிப்பு

நாசி ஜேர்மனியின் காலம் முன்னைய கட்டங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகின்றது. இங்கே கொந்தளிப்பு விலையைத் தாழ்த்தியது மட்டுமன்று. ஒரே வேளையில் ஏற்றவும் செய்தது. 1933 தொடக்கம் யூத வணிகரும் சேகரிப்பாளரும் தொழில் செய்யும் உரிமையை இழந்து, தண்டவரிகள் செலுத்தி, நாட்டைவிட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டனர். அவர்களின் ஓவியங்கள் அற்ப விலைக்குச் சென்றன. 1938 இல் ஒஸ்திரியா இணைக்கப்பட்டதும் வியன்னாவின் றொத்ஸ்சைல்ட் குடும்பச் சேகரிப்பு நேரடியாகவே பறிக்கப்பட்டது. விற்பனைப் பத்திரத்திற் கையொப்பம் இருக்கும். ஆனால் கையொப்பமிட்ட கையிற் சுதந்திரம் இருக்கவில்லை.

ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலோ சந்தை செழித்தது. பிரான்சில் ஒரு மார்க்குக்கு இருபது பிராங் என்ற வீதம் திணிக்கப்பட்டது. ஜேர்மானியர் கையில் மிகையான வாங்குதிறன் சேர்ந்தது. ஆக்கிரமிப்புச் செலவின் பெயரால் அந்நாடுகளே செலுத்திய பணத்தைக் கொண்டு அந்நாடுகளின் ஓவியங்கள் வாங்கப்பட்டன. ஹிட்லர் லின்ஸ் நகரில் அமைக்கத் திட்டமிட்ட நூதனசாலைக்கெனவும், கோறிங் தன் மாளிகைக்கெனவும் போட்டியிட்டு வாங்கினர். வியன்னாவில் இருந்த வெர்மீரின் 'ஓவியக் கலை'யை 1940 இல் ஹிட்லர் 1.65 மில்லியன் மார்க்குக்கு வாங்கினார். பணவீக்கத்தை அஞ்சியோரும், கள்ளச் சந்தையிற் பணம் திரட்டியோரும் ஓவியங்களை நாடினர். தாளிற் பொறித்த பணத்தைவிடத் துணியில் தீட்டிய ஓவியம் நிலையானது என்பது அவர்களின் கணக்கு.

ஒல்லாந்து வணிகர் கவுட்ஸ்ரிக்கரின் கதை இக்காலத்தின் அநீதியை முழுமையாக எடுத்துரைக்கின்றது. 1940 மே மாதம் ஜேர்மானியப் படை புகுந்தபோது குடும்பத்துடன் கப்பலேறிய அவர், இரவிற் கப்பலின் சரக்கறையுள் தவறி வீழ்ந்து இறந்தார். அவரது சட்டைப்பையிலிருந்த சிறு கறுப்புக் குறிப்பேட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் பதியப்பட்டிருந்தன. அவரது கடையின் ஓவியங்களைக் கோறிங்கும் கூட்டாளியொருவரும் விதவையின் சம்மதமின்றியே 'வாங்கினர்'. போரின் பின் மீட்கப்பட்டவற்றை ஒல்லாந்து அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. 2006 இலேயே, 66 ஆண்டுகளின் பின், 202 ஓவியங்கள் வாரிசுகளிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.

புதிய சரக்கு தோன்றமுடியாத சந்தையில் வேட்கை மிகும்போது போலி பிறக்கும் என முன்னர் குறிப்பிட்டோம். ஒல்லாந்து ஓவியர் வன் மேகரன் தானே தீட்டிய ஒரு 'வெர்மீர்' ஓவியத்தைக் கோறிங்கிடம் சேர்ப்பித்தார். 1945 இல், தேசியச் செல்வத்தைப் பகைவனுக்கு விற்ற குற்றத்துக்காகக் கைதானபோது, அது தன் கைவண்ணமே எனக் கூறித் தப்ப முயன்றார். மெய்ப்பிக்கும் பொருட்டுச் சாட்சிகளின் முன் இன்னொன்று தீட்டினார். 1947 இல் மோசடிக்காக ஓராண்டுத் தண்டனை பெற்றார். ஆய்வாளர் அமைதியாகச் சோதிக்கவும் ஒப்பிடவும் முடியாத போர்க்காலமே இப்போலிக்குத் துணைநின்றது.

6. அண்மைக்கால அனுபவம்

முன்னைய கட்டங்களிற் காணப்பட்ட கூறுகள் இன்றும் மறையவில்லை, வடிவம் மாறியுள்ளது. 1998 இல் 44 நாடுகள் வாஷிங்டனில் ஏற்ற கோட்பாடுகள், நாசிகளாற் பறிக்கப்பட்ட கலைப்பொருட்களுக்கு நியாயமான தீர்வு காணுமாறு வேண்டின. அவை சட்டமல்ல, ஆயினும் சந்தையை மாற்றின. 1933 க்கும் 1945 க்கும் இடையில் உடைமை வரலாறு துண்டிக்கப்பட்ட ஓவியத்தைப் பெரும் ஏல நிறுவனங்கள் இன்று எளிதில் ஏற்பதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்கு முன் நிகழ்ந்த வன்முறை இன்றைய விலையிற் கழிவாக வந்து நிற்கின்றது. நூதனசாலையின் உரிமை பற்றிய இக்கேள்வி குடியேற்றவாதக் காலத்துக்கும் விரிந்துள்ளது. 1765 இற் கண்டியிற் கைப்பற்றப்பட்ட லெவ்கே திசாவையின் பீரங்கியை ஒல்லாந்து 2023 இல் இலங்கைக்குத் திருப்பியளித்தமை இப்போக்கின் விளைவே.

நாணய வீழ்ச்சியின் பங்கை 2016 காட்டுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக ஜூன் 23 ஆம் நாள் பிரித்தானியர் வாக்களித்ததும், இரு வாரங்களுள் பவுண் டொலருக்கெதிராகப் பத்திலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. ஜூலை 7 ஆம் நாள் இலண்டனிற் றூபன்ஸின் 'லோத்தும் புதல்வியரும்' 44.9 மில்லியன் பவுணுக்கு விற்பனையாயிற்று. டொலர் வைத்திருந்தோர்க்கு அதே பவுண் விலை மலிவாயிற்று. ஓர் ஏலத்தைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் தகாது. ஆயினும் விற்கும் இடத்தின் நாணயமும் வாங்குவோரின் நாணயமும் வேறாகும்போது கொந்தளிப்பு ஏலத்தைக் கெடுக்க வேண்டியதில்லை என்பது தெளிவு. 2022 இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் நேர்மாறானது நிகழ்ந்தது. தடைகள் ரஷ்யச் செல்வந்தரைச் சந்தையிலிருந்து விலக்கின. இலண்டனில் ஜூன் மாதம் நடைபெறவிருந்த ரஷ்யக் கலை ஏலங்களைப் பெரும் நிறுவனங்கள் கைவிட்டன. இங்கே கொந்தளிப்பு அகற்றியது விற்பவரையன்று, வாங்குபவரை.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, கொந்தளிப்பு ஓவியத்தின் விலையை ஒரே திசையிற் தள்ளுவதில்லை. அது நிகழும் இடத்தில் விற்பவரை வறியவராக்கி, அதன் எல்லைக்கு வெளியே நிலையான நாணயத்துடன் நிற்பவரை வலியவராக்குகின்றது. 1649 இல் மட்றிட், 1798 இல் இலண்டன், 1931 இல் வாஷிங்டன் என அவ்விடம் மாறி வந்துள்ளது. ஓவியங்களின் பயணத்தைத் தொடர்வது உலகப் பொருளாதார வலிமையின் இடப்பெயர்வைத் தொடர்வதாகவே அமைகின்றது.

இரண்டாவது, எல்லைகள் மூடப்பட்டு, திணிக்கப்பட்ட நாணய வீதமும் பணவீக்கமும் ஒன்றுசேரும்போது, கொந்தளிப்பின் நடுவிலேயே விலை ஏறலாம். ஆக்கிரமிக்கப்பட்ட பரிசும் அம்ஸ்ரர்டாமும் இதற்குச் சான்று. அந்த ஏற்றத்தைக் கலை வளர்ச்சியின் அறிகுறியாகக் கொள்ளுதல் பெருந் தவறாகும்.

மூன்றாவது, உரிமை என்பது சந்தை நினைப்பதைவிட நீண்ட நினைவாற்றலுடையது. 1660 இல் இலண்டனிலும் 2006 இல் ஒல்லாந்திலும் பழைய கணக்குகள் மீண்டும் திறக்கப்பட்டன. நிர்ப்பந்தத்தில் இடப்பட்ட கையொப்பத்தைச் சுதந்திரமான ஒப்பந்தம் எனச் சந்தை பதிவு செய்கின்றது. வரலாறு அவ்வாறு பதிவு செய்வதில்லை.

நூதனசாலைச் சுவரில் ஓவியத்தின் அருகே ஓவியன் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். பின்னே, சிறிய எழுத்தில், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் பட்டியல் பதிவேட்டில் இருக்கும். கலையை மக்கள் உடைமையாகக் காண விரும்பும் எமக்கு இவ்விரண்டாவது பட்டியலும் பாடநூலாக வேண்டும். பொதுச் செல்வமாகிய ஓவியம் மீண்டும் சந்தைக்குச் செல்வதைத் தடுப்பதும், பறிக்கப்பட்டது உரியவரிடம் மீள்வதற்கு வழி செய்வதும் சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படக்கூடும். கவுட்ஸ்ரிக்கர் வாரிசுகளிடம் திரும்பிய ஓவியங்களுட் பல 2007 இல் ஏலத்துக்குச் சென்றன. அதனாலே திருப்பிக் கொடுத்தது தவறாகிவிடாது. நீதியின்றித் திரட்டிய பொதுச் செல்வம் பொதுச் செல்வமாகாது என்பதே இவ்வாய்வின் வழி நாம் வந்தடையும் நிலைப்பாடாகும்.